செங்கோடண்ணன் வாங்குன நூத்துக்கு நூறு

பேக்கு முனை குத்துதுங்களாக்கா? இருங்க, மடியில வெச்சுக்கறேன். உள்ள ஒரு ஷீல்டு கெடக்குது, அதான் துருத்திக்கிட்டு நிக்குது. வீட்டுல எடுத்து வெக்க நேரமில்ல, பேக்குலயே இருக்குது. வேற ஒண்ணுமில்ல.

நீங்க எதுவரைக்கும்? பவானிக்கா. நான் வைகுந்தத்துல எறங்கிக்குவேன். ஒருத்தர் வீட்டுக்குப் போகோணும். போயி ஆளக் கையோட இழுத்துக்கிட்டு சங்ககிரி போகோணும். வருவாரா மாட்டாரான்னு தெரியல. போன எடுக்கவே மாட்டேங்கறாரு.

ஏனுங்க்கா, ரொம்ப நேரமா அந்தப் போனையே தேச்சுக்கிட்டு இருக்கறீங்க? போட்டோ அனுப்போணுமா? யாருக்கு, தங்கச்சிக்கா? குடுங்க, நான் அனுப்பி உடறேன். அட குடுங்கக்கா, நான் ஒண்ணும் தூக்கிக்கிட்டு ஓடிர மாட்டேன். சுகந்தின்னு இருக்குது, இதான? இந்தாங்க, போயிருச்சு. இதுக்குப் போயி சேலம் பஸ் ஸ்டாண்டுலருந்து போராடறீங்க.

என்ன கேட்டீங்க? யாரு வீட்டுக்கா? செங்கோடண்ணன்னு ஒரு டிரைவருங்க. சொந்தமெல்லாம் இல்ல. அவரு எம்மேல கோவமா இருக்கறாரு. எதுக்குக் கோவம்னுதான் எனக்குப் புரியல. நியாயத்த நீங்களே சொல்லுங்க. எங்கிட்ட தப்பு இருந்தா இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். நான் ஒண்ணும் அப்படி வீம்பு புடிக்கற ஆளு இல்ல.

நான் காலேஜுல லாஜிஸ்டிக்ஸ் படிக்கறேன். சரக்கு எங்கிருந்து எங்க, எந்த வண்டியில, எவ்வளவு செலவுல போகுதுங்கற படிப்பு. கடேசி வருசம் ஒரு கம்பெனியில போயி வேல பழகோணும். எனக்கு சங்ககிரியில ஒரு லாரி கம்பெனி கெடச்சுது. பேரு வேண்டாம். நான் போன நேரம் பாத்து அங்க டிரைவருங்களுக்கு ஒரு பயிற்சி ஆரம்பிச்சாங்க. வாசல்ல பெரிய பேனர், 'டிஜிட்டல் மற்றும் பசுமைத் திறன் பயிற்சி'ன்னு. பேனர்ல ஒரு லாரி, அதுமேல எல முளைச்ச மாதிரி படம். அதப் பாத்துட்டு ஒரு டிரைவரு, ஏம்மிணி, இனிமே தழ லோடுதான் ஏத்தப் போறமான்னு கேட்டாரு. பாவம், அவங்களுக்கு யாரு வெளக்கி சொன்னா?

வெளக்கி சொல்ல வந்தவரு பிரசன்னா சாரு. சென்னைக்காரரு. தகர ஷெட்டுக்குள்ள, பேனு காத்து அனலா அடிக்குது, அதுல நின்னுக்கிட்டு இங்கிலீசு பாதி தமிழு பாதியா பேசறாரு. போன்ல ஒரு ஆப்பு, பெரிய போன் இல்லாதவங்களுக்குக் கம்பெனியே டேப்பு குடுக்கும், சிலேட்டு மாதிரி. அதுலதான் பாடம், அதுலதான் பரிச்ச. சும்மா நிக்கறப்ப என்ஜின ஓட உட்டா எவ்வளவு டீசல் வீணு, காலி வண்டியா திரும்பாம ரிட்டன் லோடு ஆப்புல எப்படிப் புடிக்கறது, சரக்க எறக்குனதும் பேப்பருக்குப் பதிலா ஸ்கிரீன்லயே கையெழுத்து வாங்கறது எப்படி. எல்லாம் நல்ல விசயந்தான், நான் இல்லேங்கல. ஆனா அவரு சொல்ற தோரண இருக்குது பாருங்க. ஒரு டிரைவரு கேள்வி கேட்டதுக்கு, 'வீடியோவுல இருக்கு, பாருங்க'ன்னுட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எந்திரிச்சு கேட்டுட்டேன். சார், வீடியோவே எல்லாம் சொல்லிரும்னா நீங்க எதுக்கு சார் சென்னையிலருந்து கார் போட்டு வந்தீங்க, அந்த டீசல் கணக்க எந்த ஆப்புல போடறதுன்னு. ஷெட்டே சிரிச்சுது. அன்னையிலருந்து டிரைவருங்க எல்லாருக்கும் நான்னா உசுரு.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, நான் டிரைவருங்க பக்கம் நின்னவ. அத மறந்துராதீங்க.

வேல பழக வந்த பசங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிரைவர் குரூப்பு பிரிச்சுக் குடுத்தாங்க. கூட இருந்து பாடம் முடிக்க வெக்கோணும், அதான் எங்க வேல. எந்த குரூப்பு நல்லா மார்க்கு வாங்குதோ அந்தப் பையனுக்கோ புள்ளைக்கோ ஷீல்டு. ஆனா அதுக்காக நான் எதையும் பண்ணல. இத மொதல்லயே சொல்லிடறேன்.

செங்கோடண்ணன் என்னோட குரூப்பு. அவரு பன்னெண்டு சக்கர டாரஸ் லாரி ஓட்டறவரு. நாசிக்கு, நாக்பூருன்னு போனா வீடு திரும்ப வாரக்கணக்காகும். அவரு வண்டிய கம்பெனி பழசாயிருச்சுன்னு ஒடைக்கப் போட்டுட்டாங்க. இனிமே பயிற்சியில தேறுனவங்களுக்குத்தான் புது வண்டின்னு சொல்லிட்டாங்க. அதுல ஒண்ணு கரண்டு லாரி. அது ரொம்ப தூரம் போகாது. சார்ஜு தீர்றதுக்குள்ள திரும்போணும். அதனால லோக்கல் ஓட்டந்தான். காலையில போனா பொழுதோட வீடு. அவரு சம்சாரம் சரசக்கா எங்கிட்ட போன்ல சொல்லுச்சு, 'கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல இந்த மனுசன் ராத்திரி சோத்துக்கு வீட்டுல இருந்தது தீவாளி பொங்கலுக்குத்தான் கண்ணு. அந்த வண்டி மட்டும் கெடச்சுட்டா போதும்'னு. அதுக்குத்தான் அவரு அந்தப் பயிற்சிக்கே வந்தாரு.

மனுசன் முன்வரிசையில போயி உக்காருவாரு. சட்டைப்பையில சீப்பு, அதுக்குப் பக்கத்துல பேனா. எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, ஆனாலும் பேனா வெச்சிருப்பாரு. கரண்டு வண்டியில எறக்கத்துல கால எடுத்துட்டா, வேகம் கொறையறப்பவே பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டு திரும்பிப் போகும்னு பாடத்துல வந்துச்சு. அதக் கேட்டு அவரு மொகத்தப் பாக்கோணுமே. 'அப்ப தொப்பூர் எறக்கம் முழுக்க எனக்கு வரவுதானா அம்மிணி'ன்னு கேட்டாரு. அதையே நாலு பேருகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சாரு.

ஆனா ஸ்கிரீனு மட்டும் வரலீங்க்கா. கட்டவெரல வெச்சு அழுத்துவாரு. பிரேக்க மிதிக்கற மாதிரி. தொட்டா தொறக்கும், அழுத்துனா வேற என்னமோ மெனு வந்து நிக்கும். அண்ணா, தொடுங்ணா, அழுத்தாதீங்கங்கறேன். தொடறேங்கறாரு, அழுத்தறாரு. படமெல்லாம் ஆட ஆரம்பிச்சுரும். நான் குடுங்ணான்னு வாங்கி சரி பண்ணிக் குடுப்பேன். மறுபடியும் அழுத்துவாரு. குடுங்ணா. மறுபடியும். கடேசியில நானே போட்டுர்றது. அவரு கைய மடியில வெச்சுக்கிட்டு நான் போடறதையே பாத்துக்கிட்டு இருப்பாரு.

மொத நாளு ஆப்புல சேர்றப்பவே அப்படித்தான். போன் நம்பர் போட்டா ஓடிபி வரும். அவருகிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுல மெசேஜத் தொறந்து, கண்ணாடியத் தேடி மாட்டி, படிச்சு சொல்றதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு. ரெண்டு தடவ போச்சு. பின்னால வரிசை நிக்குது. அண்ணா, என்னோட ரெண்டாவது சிம்மு நம்பரப் போட்டுக்கறேன், அப்புறமா மாத்திக்கலாம்னு போட்டுட்டேன். அப்புறம் எங்க மாத்துனேன்? மறந்தே போச்சு.

பரிச்சயா? பரிச்சயும் நாந்தான் போட்டேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? எங்க குரூப்புல எல்லாருக்கும் நாந்தான் போட்டேன். அக்கட்டால இருந்த குரூப்புல அவங்களுக்கு உட்ட பையன் போட்டான். பிரசன்னா சாருக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு போன் பேசுவாரு. உங்க ஊர்ல பேங்குக்குப் போனா யாரு ஃபாரம் நெரப்பறா? கேஸு புக் பண்றது யாரு? பக்கத்துல நிக்கற படிச்ச புள்ளகிட்ட நீட்டறீங்க, அது போட்டுக் குடுக்குது. அது ஒதவி. அது எப்படித் தப்பாகும்?

அவரு கேட்டாரு, இல்லேங்கல. ஒருக்கா இல்ல, பலதடவ கேட்டாரு. 'இன்னொருக்கா காட்டு அம்மிணி, நானே போட்டுப் பாக்கறேன்'னு. எனக்கு சேலத்துக்குக் கடேசி கம்பெனி வேன் போயிரும்ங்க்கா. நேரமாச்சுங்ணா, நாளைக்குன்னுட்டேன். நாளைக்கு வேற பாடம் வந்துருது. நான் என்ன பண்ண?

ரிசல்ட்டு வந்துச்சு. செங்கோடண்ணன் நூத்துக்கு நூறு. கம்பெனியிலயே அவரு ஒருத்தருதான். சந்தேகம் வரக்கூடாதுன்னு மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டு வேணும்னே தப்பா போட்டேன், அவருக்குப் போடறப்ப மறந்துட்டேன். ஷீல்டு எனக்கு. கரண்டு லாரி அவருக்கு.

அவரு அன்னைக்கே வந்து கேட்டாரு. 'அம்மிணி, அந்த நூறு யாருதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டிக்குள்ளயும் டேப்பு மாதிரி ஒரு ஸ்கிரீன் இருக்குதாம். ஒரு ஞாயித்துக்கெழம வந்து சொல்லிக் குடு. உனக்கு நாட்டுக்கோழி அடிச்சுப் போடச் சொல்றேன்.' சரிங்ணா வர்றேன்னேன். சரசக்கா கோழி அடிச்சு வெச்சுட்டு போன் பண்ணுச்சு. நான் அன்னைக்கு பிரெண்டு நிச்சயதார்த்தத்துக்கு ஏற்காடு போயிட்டேன். போகாம இருக்க முடியுமா? அவளும் கோச்சுக்குவாளே.

அப்புறம் வண்டிய எடுக்கற நாளு வந்துருச்சு. வாழமரமெல்லாம் கட்டி, மாலை போட்டு, எலுமிச்சங்கா வெச்சு. சரக்குக் குடுக்கற கம்பெனிக்காரங்க வந்திருந்தாங்க, வீடியோ எடுக்கறாங்க. செங்கோடண்ணன் புதுசா தெச்ச காக்கிச் சட்ட. சரசக்கா பட்டு கட்டிக்கிட்டு ஓரமா நிக்குது. என்னைய ஷீல்டோட முன்னால நிறுத்துனாங்க.

அவரு ஏறி உக்காந்தாரு. அந்த வண்டியில ஸ்கிரீன்ல பேரப் போட்டு உள்ள போயி, இன்னைக்கு எந்த ஓட்டம்னு எடுத்து, எங்க சார்ஜ் போடறதுன்னு காட்டுனாத்தான் கெளம்பும். அவரு கட்டவெரல வெச்சு அழுத்தறாரு. என்னமோ வந்து நிக்குது. மறுபடியும் அழுத்தறாரு. மேனேஜரு மைக்குலயே சிரிச்சுக்கிட்டு, 'நம்ம நூத்துக்கு நூறு பதட்டப்படறாரு'ன்னாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. அவரு கண்ணாடியத் தேடறாரு, புதுச் சட்டையில இல்ல. கேமரா கிட்டக்க போகுது. அவரு தலையத் தூக்கி கூட்டத்துல என்னையப் பாத்தாரு.

நான் சும்மா நிக்கலீங்க்கா. அந்த எடத்துல வேற யாரா இருந்தாலும் எனக்கென்னன்னு நின்னிருப்பாங்க. நான் ஓடிப் போயி அந்தப் பக்கக் கதவத் தொறந்து ஏறி, குடுங்ணான்னு அவரு கையத் தள்ளிட்டு டக்கு டக்குன்னு போட்டு உட்டேன். ஸ்கிரீன் பச்சையாயிருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. மானத்தக் காப்பாத்துனது நானு. நாந்தான். திரும்பிப் பாக்கறேன், அவரு சீட்டுல இல்ல. எறங்கி, அந்த வாழமரத்தோரமாவே நடந்து, கேட்டத் தாண்டிப் போயிட்டாரு. சரசக்கா பின்னால ஓடுது, செருப்பு ஒண்ணு கழண்டு கெடக்குது, அத எடுக்கக்கூட இல்ல.

அதுக்குக் கோவமாம். சொல்லுங்க. உதவி பண்ணா கோவமா?

மேனேஜரு அன்னைக்கு சாயந்தரமே என்னையக் கூப்பிட்டாரு. யுவராணி, அந்தாளு பரிச்சய அந்தாளுதான் எழுதுனாரான்னு கேட்டாரு. நான் சொல்லிக் குடுத்தேன் சாருன்னேன். அது பொய்யா? சொல்லிக் குடுத்தேன்தான? கூடவே, அவரு பரிச்ச எழுதலேன்னும் சொல்லல, எழுதுனாருன்னும் சொல்லல. நீங்களே பாருங்க, பொய் சொல்லவே இல்ல. மேனேஜரா ஒண்ணு நெனச்சுக்கிட்டாரு, செங்கோடன் ஆள வெச்சு ஏமாத்திட்டாருன்னு. ஆபீசு முழுக்க அதான் பேச்சு. ஆளு யாருன்னு அவரையே கேட்டிருக்கறாங்க. அவரு பதிலே சொல்லலியாம். சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? என் பேர சொல்லியிருந்தா நான் போயி மேனேஜருகிட்ட ஒரு கை பாத்திருப்பேன். அவரு சொல்லாம இருந்ததுனால இப்ப நானும் எதையும் சொல்ல முடியாமப் போச்சு.

என்னங்க்கா? நானே போயி சொல்லியிருக்கலாமா? நீங்க பேசறது ஈசி. எனக்கு சர்ட்டிபிகேட் அவங்க கையில இருக்குது.

இன்னைக்கு அவருக்கு மறுபரிச்ச வெச்சிருக்கறாங்க. தனியா ரூம்புல, அவரா டேப்புல போடோணும், மூஞ்சி கேமராவுல தெரியோணும், பக்கத்துல யாரும் இருக்கக்கூடாது. தேறலேன்னா கரண்டு வண்டி வேற ஆளுக்கு. அவருக்கு வேற ஒரு ஓனரு நாக்பூர் லைனுல வண்டி தர்றேன்னு சொல்லியிருக்கறாராம். மறுபடியும் வாரக்கணக்குல ஓட்டந்தான். காலையில சரசக்காவுக்குப் போன் பண்ணேன். 'விடியறதுக்குள்ளயே எந்திரிச்சுப் போயிட்டாரு, எங்கன்னு சொல்லல. நீ இனிமே போன் பண்ணாத கண்ணு'ன்னுச்சு. கண்ணுன்னுதான் சொல்லுச்சு, திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா நான் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன்.

வீட்டுப் பக்கமே எங்கயாச்சும் டீக்கடையில தனியா உக்காந்திருப்பாரு. தேடிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு இருக்கறேன். ரூம்புக்கு வெளிய ஒரு ஜன்னல் இருக்குது. அங்க நின்னு நான் சாடை காட்டுனாக்கூடப் போதும், இல்ல கேமரா கோணம் பாத்து நானே கையை நீட்டி... என்ன? என்ன ஆச்சு? போட்டோ தங்கச்சிக்குப் போகலையா? அப்புறம் யாருக்குப் போச்சு? பால் சொசைட்டி சுகந்தியம்மாவுக்கா? ரெண்டு சுகந்தி இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லையே. சரி, குடுங்க, நான் அத அழிச்சுட்டு...

குடுங்கக்கா.

ஏங்க்கா தர மாட்டேங்கறீங்க?

சரி. சரி, நீங்களே போடுங்க. நான் பாக்கல, அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். மகுடஞ்சாவடி தாண்டிருச்சு போல.

இருங்க, என் போனும் அடிக்குது. மெசேஜுதான். லோன் வேணுமாங்கறவனா இருக்கும், இந்த ரெண்டாவது சிம்முக்கு வேற யாரு அனுப்பப்...

அக்கா.

ஓடிபிங்க்கா. பயிற்சி ஆப்பு ஓடிபி. இந்த நம்பருல அவரு மட்டுந்தான் இருக்கறாரு. அப்ப அவரு ரூம்புல உக்காந்திருக்கறாரு. டேப்பத் தொறந்து ஆப்பு வரைக்கும் போயிருக்கறாரு, இந்த ஓடிபி போட்டாத்தான் பரிச்சயே தொறக்கும். அவரா போயிருக்கறாருக்கா, யாரும் போட்டுக் குடுக்க அங்க ஆளில்ல. நான் ஊரெல்லாம் தேடப் போறேன்னு உக்காந்திருக்கறேன்.

இது சித்த நேரந்தான் இருக்கும். கூப்புடறேன். எடுக்க மாட்டாரு. ரிங்கு போகுது... எடுக்கல. எடுங்ணா. எம்மேல இருக்கற கோவத்த அப்புறம் வெச்சுக்கலாம், எடுங்ணா. கட் பண்ணிட்டாரு. போச்சு, டைம் முடிஞ்சு போச்சு.

அவரே கூப்புடறாருக்கா. அவரேதான்.

அண்ணா. அண்ணா, நான்... இல்லீங்ணா, நான் என்ன சொல்ல வந்தேன்னா, அன்னைக்கு நான் வண்டியில ஏறுனது...

ம்.

சரிங்ணா.

'மத்ததெல்லாம் பேசாத அம்மிணி. நம்பர மட்டும் சொல்லு'ங்கறாரு.

அண்ணா, அது முடிஞ்சு போச்சு. 'மறுபடியும் அனுப்பு'ன்னு கீழ ஒண்ணு... பாத்துட்டீங்களா? சரி, தொடுங்க, அழுத்தா... இல்ல. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க போடுங்க.

வந்துருச்சுங்ணா. சொல்றேன். ஏழு.

...

போட்டாச்சா? ரெண்டு.

...

வைகுந்தமாங்க கண்டக்டரு? எறங்கலீங்க. சங்ககிரிக்கு இன்னொரு டிக்கெட் போட்டுருங்க, மேனேஜரப் பாத்து ஒண்ணு சொல்லோணும். இல்லீங்ணா, உங்களச் சொல்லல, கண்டக்டரு. நீங்க அந்த ஸ்கிரீன்லயே இருங்க. கண்ணாடி இருக்குதுங்களா? மாட்டிக்குங்க. நான் இருக்கறேன்.

ஆமாங்ணா, ரெண்டு போட்டாச்சு. அடுத்தது ஒம்பது.

...

அழிஞ்சு போச்சுங்களா? பரவால்லீங்ணா. மறுபடியும் மொதல்லருந்து. ஏழு.

டைமா? நெறைய இருக்குதுங்ணா. போச்சுன்னாலும் இன்னொண்ணு வரும். நீங்க மெதுவா போடுங்க. நான் பேசல.